நாலு கால் ஒன்று
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சமய விழா மேடையிலே கணிதம் எதற்கு என்று சிலர் எண்ணலாம். எமது இளைஞர் பலர் மாலை வேளைகளிற் சிறுபிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுக்கின்றனர். அவர்களுக்குப் பயன்படக்கூடிய சிறு விஷயமொன்றைச் சொல்ல விரும்புகின்றேன். அதை நான் பிழைவிட்டே கற்றுக்கொண்டேன்.

ஆசிரியத் தொழிலைத் தொடங்கிய காலத்தில், "மேலும் கீழும் ஒரே எண் வந்தால் விடை ஒன்று" என்று வகுப்பு முழுவதையும் பாடமாக்கச் செய்தேன். எல்லோரும் ஒரே குரலிற் சொன்னார்கள். மறுநாள், "4/4 பெரிதா, 3/3 பெரிதா?" என்று கேட்டேன். ஒரு சிறுமி எழுந்து, "4/4 தான் பெரிது, சேர்" என்றாள். வகுப்புச் சிரித்தது, நானும் சிரித்தேன். அதன்பின் அப்பிள்ளை கணித பாடத்தில் வாய் திறக்கவேயில்லை. பிழை அவளுடையதன்று. மூன்றிலும் நான்கு பெரிதென்று முன்னர்க் கற்பித்தவர்கள் நாமே. நான் கொடுத்தது விதி, விளக்கமன்று.

அப்படியானால் எவ்வாறு விளக்குவது? ஒரே அளவான இரண்டு கடதாசிகளை எடுங்கள். ஒன்றை மூன்று சமபங்காகவும், மற்றதை நான்கு சமபங்காகவும் மடியுங்கள். மூன்றாக மடிப்பது சிறுவர்க்குக் கடினம். அதை நீங்களே மடித்துக் கொடுங்கள். பின்பு விரித்து, ஒவ்வொரு பங்காக நிறந் தீட்டச் சொல்லுங்கள். "காற்பங்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று பிள்ளை வாயால் எண்ணட்டும். "மிச்சம் எவ்வளவு?" என்று கேளுங்கள். "ஒன்றுமில்லை" என்பான். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் இரண்டும் சமம். பங்குகள் கூடும்போது ஒவ்வொரு பங்கும் சிறுக்கின்றது. எல்லாப் பங்கையும் எடுத்தால் முழுமை. கீழே உள்ள எண் எத்தனை பங்காக வகுத்தோம் என்பதையும், மேலே உள்ள எண் எத்தனை பங்கை எடுத்தோம் என்பதையும் சொல்லுகின்றன. இவ்வளவும் கண்ட பிறகே எண்ணை எழுதுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். கோயிலிலே தேங்காய் உடைத்தால், "எனக்குப் பெரிய பாதி" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. பெரிய பாதியென்று ஒன்றில்லை. துண்டுகள் இரண்டும் சேர்ந்து ஒரு தேங்காய்தான். ஆனால் சமமில்லாத துண்டை அரை என்று சொல்ல முடியாது. அடுத்தது, சிறிய ரொட்டியிற் பாதியும் பெரிய ரொட்டியிற் பாதியும் சேர்ந்தால் அவ்விரண்டில் எந்த ரொட்டியும் முழுமையாகாது. எதனுடைய பங்கு என்பதை எப்போதும் கேட்கப் பழக்குங்கள்.

எமது மொழியே இதிற் பெருந்துணை. மூன்று கால் முக்கால். காலில் அரை அரைக்கால். பெயரிலேயே கணக்கு இருக்கின்றது. அக்காலத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியிற் படித்தபடி, எட்டு அரைக்கால் ஒன்று, பதினாறு வீசம் ஒன்று, இருபது மா ஒன்று, முந்நூற்றிருபது முந்திரி ஒன்று. "மாட்டுக்கு நாலு கால், முழுமைக்கும் நாலு கால்" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை சிரிக்கும், மறக்காது.

இச்சிறு விஷயத்துக்கு இவ்வளவு பேச்சா என்பீர்கள். மேல்வகுப்பில் 2/3 என்பதை 8/12 என மாற்றும்போது மேலும் கீழும் நான்காற் பெருக்குகின்றோம். அது 4/4 ஆல், அதாவது ஒன்றாற் பெருக்குவதே. ஆகவே பெறுமானம் மாறுவதில்லை. இதனை உணர்ந்த பிள்ளைக்கு அது நியாயம். உணராத பிள்ளைக்கு அது மாயவித்தை. கணக்கென்றாற் பயம் பெரும்பாலும் இத்தகைய இடங்களிலேயே தொடங்குகின்றது.

இளைஞர்களே, பிள்ளை பிழையாகச் சொன்னாற் சிரிக்காதீர்கள். "ஏன் அப்படி நினைத்தாய்?" என்று கேளுங்கள். அன்று நான் கேட்கத் தவறிய கேள்வி அதுவே.