பாத்திரம் கழுவும் இயந்திரமும் அதன் பம்பும்



பாத்திரம் கழுவும் இயந்திரம் உலகுக்குப் புதியதன்று. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசபின் காக்ரேன் என்னும் பெண்மணி 1886ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1893இல் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரம் பலரது கண்ணையும் கவர்ந்தது. தட்டுகளைத் தேய்க்காமல், அவற்றின்மீது நீரை வேகமாக வீசியே கழுவலாம் என்பது அவர் கண்ட வழி. இன்றும் அதுவே இவ்வியந்திரத்தின் அடிப்படை.

நம் நாட்டிலோ இது பரவியது அண்மையில்தான். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, வீட்டு வேலைக்கு ஆள் வர இயலாத நிலையில், நகரங்களில் பலர் இதனை வாங்கினர். தில்லியிலும் மும்பையிலும் புனேயிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அவற்றுள் அடங்கும். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீட்டில், உதவிக்கு உற்றார் அருகில் இல்லாத ஊரில், இது ஆடம்பரப் பொருளன்று. இயந்திரம் நின்றுவிட்டால் அன்றிரவே பாத்திரக் குவியல் யாரேனும் ஒருவர் தலையில் வந்து விழுகின்றது. அவர் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்மணியே. அக்காலத்தில் வாங்கிய இயந்திரங்கள் பல இன்று உத்தரவாதக் காலத்தைக் கடந்துவிட்டன. ஆகவே, "பம்பு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்ற சொல்லைப் பல வீடுகள் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. அந்தச் சொல் உண்மைதானா என்று கண்டறியும் வழியைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இயந்திரம் வேலை செய்யும் முறையை அறிந்துகொள்வோம். குழாயிலிருந்து ஏறக்குறைய மூன்று, நான்கு லிட்டர் நீர் உள்ளே வந்து அடிக்குழியில் நிற்கின்றது. சுழற்சிப் பம்பு அந்த நீரை உறிஞ்சி, மேலும் கீழும் சுழலும் தெளிப்புக் கைகளுக்கு அனுப்புகின்றது. கைகளின் துளைகள் வழியே நீர் பாய்ந்து பாத்திரங்களைக் கழுவி, வடிகட்டியின் ஊடாக மீண்டும் அடிக்குழிக்கு வந்து சேர்கின்றது. அதே நீரே திரும்பத் திரும்பச் சுழல்கின்றது. இறுதியில் அழுக்கு நீரை வெளியே தள்ளுவது வேறொரு சிறிய பம்பு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. அடியில் அழுக்கு நீர் தேங்கி நிற்குமானால், குறை பெரும்பாலும் வெளியேற்றும் பம்பிலோ அதன் குழாயிலோ இருக்கும். நீர் வெளியேறியும் பாத்திரம் கழுவப்படவில்லை என்றால்தான் சுழற்சிப் பம்பின்மீது ஐயம் எழ வேண்டும்.

ஐயம் எழுந்ததும் கருவியைத் தேட வேண்டா. காதே முதற் கருவி. இயந்திரத்தை ஓடவிட்டு அருகில் நின்று கேளுங்கள். நீர் நிரம்பும் 'ஸ்' என்ற ஓசை முதலில் வரும். பின்னர் மோட்டாரின் மெல்லிய ரீங்காரமும், கதவின் உட்புறத்தில் நீர் வந்து மோதும் ஓசையும் சேர்ந்து கேட்க வேண்டும். ரீங்காரம் இருந்து நீர் மோதும் ஓசை இல்லையேல், மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது, நீர்தான் நகரவில்லை என்று பொருள். ரீங்காரமே இல்லையேல், மின்சாரம் வரவில்லை அல்லது மோட்டார் பழுது. கரகரவென்று அரைக்கும் ஓசை கேட்டால், ஏதோ ஒரு பொருள் உள்ளே சிக்கியிருக்கலாம். அல்லது மோட்டாரின் தாங்கி தேய்ந்திருக்கலாம். நீர் சூடாகவில்லை என்பதும் சில வேளைகளில் பம்பின் குறையே. நீரோட்டம் இல்லாதபோது சூடேற்றி இயங்காதபடி பல இயந்திரங்களில் காப்பு அமைத்திருக்கிறார்கள்.

காதுக்கு அடுத்தது கண். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நிறுத்தி, ஆவி முகத்தில் அடியாதவாறு கதவை மெல்லத் திறந்து பாருங்கள். வடிகட்டியின் அருகே நீர் நிற்க வேண்டும். நீர் குறைவாக இருந்தால் பம்பு காற்றையே உறிஞ்சும். பம்பைக் குறை கூறிப் பயனில்லை. அடுக்கு மாடிக் கட்டடத்தில் மேல் தளத்தில் வாழ்வோர் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் குழாயில் ஒரு பார் அளவு அழுத்தம் கிடைக்கும். தொட்டிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் இரண்டு, மூன்று மீட்டர் உயரமே கிடைத்தால், இயந்திரம் கேட்கும் அழுத்தம் அங்கே இராது. எவ்வளவு வேண்டும் என்பது கையேட்டில் குறித்திருக்கும். நீர் வரும் குழாயின் முனையிலுள்ள சிறு வலையில் மணலும் துருவும் அடைத்திருந்தாலும் இதே நிலைதான். கழுவும்போது ஒரு குண்டான் நிமிர்ந்து விழுந்து, சுழல வேண்டிய நீரைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்வதும் உண்டு. சாதாரணப் பாத்திரச் சோப்புத் திரவத்தை ஊற்றினால் நுரை பொங்கும். நுரையைப் பம்பால் தள்ள இயலாது. அப்போது நீரை வெளியேற்றி, வெறும் நீரால் பலமுறை அலசுவதே மருந்து.

இனி வடிகட்டியும் தெளிப்புக் கைகளும். நம் சமையலின் அடையாளங்கள் யாவும் இவ்விடத்தில் வந்து சேரும். கறிவேப்பிலை ஈர்க்கு, கடுகு, புளிச் சக்கையின் நார், சோற்றுப் பருக்கை ஆகியவை வடிகட்டியை அடைக்கும். கடுகு தெளிப்புக் கையின் துளைக்கு ஏற்ற அளவாகவே அமைந்திருக்கிறது! கைகளைக் கழற்றி, குழாய் நீரைப் பாய்ச்சிக் குலுக்கி, துளைகளை மெல்லிய குச்சியால் சுத்தம் செய்ய வேண்டும். கை சுழல்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அது நிற்கும் திசையைக் குறித்துக்கொண்டு கதவை மூடுங்கள். சில நிமிடங்கள் ஓடியபின் நிறுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று முறை பார்த்தும் அதே திசையில் நின்றால், அது சுழலவில்லை. உயரமான தட்டு ஒன்று தடுத்துக்கொண்டிருக்கவும் கூடும்.

இவை யாவும் சரியாக இருந்தும் நீர் பாயவில்லை என்றால், அடிக்குழியைப் பார்க்க வேண்டும். இனிச் செய்வது எதுவாயினும், முதலில் மின் இணைப்பின் செருகியை எடுத்துவிடுங்கள். விசையை அணைத்தல் மட்டும் போதாது. நீர்க் குழாயையும் மூடுங்கள். தேங்கிய நீரைப் பஞ்சால் ஒற்றி எடுத்து, கையுறை அணிந்து, விளக்கொளியில் உள்ளே நோக்குங்கள். உடைந்த கண்ணாடித் துண்டு பம்பின் சக்கரத்தில் சிக்கியிருப்பது அரிதன்று. வெறுங்கையை விட்டால் விரல் கிழியும்.

வெளியூரில் வாழும் நமக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குச் சென்று, ஒன்றரை மாதம் கழித்துத் திரும்புகிறோம். உப்பு மிகுந்த நிலத்தடி நீர் உள்ளே நின்று உலர்ந்து, பம்பின் அச்சைச் சுற்றியுள்ள நீர்த்தடுப்பு வளையத்தை ஒட்டச் செய்துவிடுகிறது. மோட்டார் ரீங்கரிக்கும், சக்கரம் அசையாது. சக்கரத்தைக் கையால் எட்டக்கூடிய அமைப்பாயின், மெல்ல இருபுறமும் அசைத்தாலே பல வேளைகளில் விடுபட்டுவிடும். வன்மையாகத் திருப்பினால் வளையம் உடைந்து, நீர் மோட்டாருக்குள் இறங்கும். இது வாராமற் காக்க, ஊருக்குப் புறப்படுமுன் ஒருமுறை முழுதாக ஓட்டி, நீரை வெளியேற்றி, கதவைச் சிறிது திறந்து வைத்துச் செல்லுங்கள். இயந்திரத்துக்கென விற்கும் உப்பை உரிய இடத்தில் இடத் தவறாதீர்கள்.

சக்கரம் தடையின்றிச் சுழன்றும் பம்பு ஓடவில்லை என்றால், மின்சாரப் பகுதிக்கு வருகிறோம். பழைய அமைப்புள்ள மோட்டார்களுக்குப் புறப்பட உதவுவது கப்பாசிட்டர் என்னும் சிறு உருளை. அது வலுவிழந்தால் மோட்டார் முனகும், புறப்படாது. பம்பு முழுவதையும் மாற்றுமுன் இதனைச் சோதிப்பது அறிவுடைமை. இதன் விலை பம்பின் விலையில் சிறு பகுதியே. உருளையின்மீது 4 மைக்ரோபாரட் என்று அச்சிட்டிருக்க, அளவி 3 என்று காட்டினால் அது கெட்டது. அதே அளவும் அதே வோல்ட் மதிப்பும் உள்ள வேறொன்றை இட வேண்டும். இணைப்பை நீக்கிய பின்னும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதை மறவாதீர்கள். அதை வெளியேற்றும் முறை அறியாதவர் தொட வேண்டா. புதிய இயந்திரங்கள் பலவற்றில் நிலைக் காந்தம் அமைந்த மோட்டார் உள்ளது. அதனை ஓட்டுவது மின்னணுப் பலகை. அது வீட்டில் பிரித்துப் பார்க்கத் தக்கதன்று.

நிறுத்த வேண்டிய இடத்தையும் அறிந்திருத்தல் நன்று. இயந்திரத்தை இயக்கியதும் வீட்டின் மின்கசிவுத் தடுப்பு விசை விழுந்தால், மீண்டும் மீண்டும் ஏற்றிப் பார்க்காதீர்கள். நீரும் மின்சாரமும் உள்ளே சந்தித்துவிட்டன என்பதே அதன் எச்சரிக்கை. எரிந்த நாற்றம் வந்தாலும், அடித்தட்டில் நீர் கசிந்திருந்தாலும் வல்லாரை அழையுங்கள். கதவு மூடியிருப்பதாக இயந்திரத்தை ஏமாற்றி, திறந்தபடி ஓட்டும் விளையாட்டு எவருக்கும் வேண்டா.

வல்லுநர் வரும்போது, "பம்பை மாற்றுங்கள்" என்று தீர்ப்பைச் சொல்லாதீர்கள். "ரீங்காரம் கேட்கிறது, நீர் மோதும் ஓசை இல்லை, வடிகட்டியும் கைகளும் சுத்தம், நீர் போதிய அளவு நிற்கிறது" என்று கண்டதைச் சொல்லுங்கள். இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ இவ்வளவு சொல்லச் சில சொற்களே போதும். பழைய உறுப்பைக் காட்டும்படியும், அதில் என்ன கெட்டது என்று விளக்கும்படியும் கேளுங்கள். நேர்மையான தொழிலாளி இக்கேள்வியை வரவேற்பார். மற்றவர் சற்றே தயங்குவார்.

பம்பு உண்மையிலேயே கெடுவதும் உண்டு. அப்போது மாற்றத்தான் வேண்டும். ஆனால் குற்றவாளி அதுவே என்று முடிவு கட்டுமுன் நீர், வடிகட்டி, தெளிப்புக் கை, அடிக்குழி என்னும் நான்கு சாட்சிகளையும் விசாரித்துவிடுங்கள். அவற்றை விசாரிக்க ஆகும் செலவு அரைமணி நேரமே.