கடற்கரையில் சமைத்தவர் யார்?

(கோடை விடுமுறை நாள்களில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



தேர்வுகள் முடிந்துவிட்டன. ‘எங்கேயாவது போகலாம்பா’ என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கியிருப்பார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக விடுப்பும் இல்லை, கையிருப்பும் போதாது என்னும் குடும்பங்களுக்கு இப்போது ஒரு வழி இருக்கிறது. குன்றத்தூரிலிருந்து தாம்பரம், வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனால் கோவளம் வந்துவிடும். அங்கிருந்து மாமல்லபுரம் வரை, கடலைப் பார்த்தபடி வீடுகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அண்ணன் குடும்பம், தங்கை குடும்பம், தாத்தா, பாட்டி என்று பத்துப் பேர் சேர்ந்து எடுத்தால் செலவும் பங்காகிவிடும்.

‘ஃபாதர், இப்படிப் போவது வீண் செலவா?’ என்று சிலர் கேட்கிறார்கள். போய் வாருங்கள் என்பதே என் பதில். மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பணிக்குச் சென்று திரும்பிய திருத்தூதர்களுக்கு உண்பதற்குக்கூட நேரமில்லை. மக்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அதைக் கவனித்த ஆண்டவர், தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்று ஓய்வெடுக்கும்படி அவர்களை அழைத்தார். அவர்கள் படகேறிப் போனார்கள். களைத்தவரின் முகத்தைப் பார்த்து, ‘வா, கொஞ்சம் இளைப்பாறு’ என்று சொல்வது இயேசுவின் குணம்.

ஆனால் ஒரு கேள்வி. இப்படிப்பட்ட வீட்டை ஏன் எடுக்கிறோம்? ஓட்டல் அறையில் இல்லாத அடுப்பு அங்கே இருக்கிறது. நாமே சமைத்துக்கொண்டால் செலவு குறையும் என்கிறோம். நல்லது. அந்த ‘நாமே’ என்பது யார்?

புறப்படுவதற்கு முந்தைய இரவு இட்லி மாவை டப்பாவில் அடைத்துவைப்பவர் யார்? குக்கரையும் மசாலாப் பொடியையும் மறக்காமல் எடுத்துவைப்பவர் யார்? பிள்ளைகள் அலையில் ஆடுகிறார்கள், அப்பாவும் மாமாவும் பால்கனியில் காற்று வாங்குகிறார்கள். அம்மா மட்டும் புதிய சமையலறையில், பழக்கமில்லாத அடுப்பில், பத்துப் பேருக்கு மீன் வறுத்துக்கொண்டிருக்கிறார். கடலை அவர் பார்த்தாரா? ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார். வீடு மாறியது, வேலை மாறவில்லை.

ஓய்வுநாளைப் பற்றிய கட்டளை இணைச்சட்ட நூல் 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அது வெறுமனே ‘ஓய்வெடு’ என்று சொல்லி நின்றுவிடவில்லை. நீ, உன் மகன், மகள், அடிமை, அடிமைப்பெண், மாடு, கழுதை, உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியர் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் மனைவி தனியாகக் குறிப்பிடப்படவில்லை. ‘நீ’ என்னும் சொல்லுக்குள்ளேயே அவரும் அடங்கியிருக்கிறார் என்று விளக்கவுரையாளர்கள் சிலர் சொல்வார்கள். நம் வீடுகளில் அப்படி அடங்கியிருக்கிறாரா? ‘நாங்கள் ஓய்வெடுத்தோம்’ என்று சொல்லும்போது, அந்த ‘நாங்கள்’ என்பதில் அம்மா உண்டா? ஓய்வு என்பது எடுத்துக்கொள்வது மட்டுமல்ல, கொடுக்கவும் வேண்டியது.

அன்புக்குரியவர்களே, நற்செய்தியிலும் ஒரு கடற்கரைச் சமையல் இருக்கிறது. யோவான் 21ஆம் அதிகாரம். சீடர்கள் ஏழு பேர் இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் கிடைக்காமல் சோர்ந்திருந்தார்கள். விடியலில் கரையில் நின்றவர் சொன்னபடி வீசியபோது 153 பெரிய மீன்கள். கரை ஏறினால், அங்கே கரி நெருப்பு மூட்டியிருக்கிறது, அதன்மேல் மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. சாவை வென்று உயிர்த்த ஆண்டவர், எல்லாரும் தமக்குப் பணிவிடை செய்யட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. உழைத்துக் களைத்தவர்களுக்குத் தாமே காலை உணவை ஆயத்தம் செய்தார், தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். பேதுருவிடம் அன்பைப் பற்றிக் கேட்டது அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான்.

எனவே குடும்பத் தலைவர்களே, வளர்ந்த பிள்ளைகளே, கடற்கரைக்குப் போகும் இரண்டு நாளில் ஒரு வேளையாவது நீங்கள் அடுப்பைப் பற்றவையுங்கள். தோசை கருகினாலும் பரவாயில்லை. அந்த ஒரு மணி நேரம் அம்மாவும் பாட்டியும் மணலில் நடக்கட்டும், காலை நனைக்கட்டும். அதைவிடச் சிறந்த அன்னையர் தின வாழ்த்து வேறு இல்லை.

நம் வீட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் பாருங்கள். நாம் அறையைக் காலி செய்ததும், அடுத்தவர் வருவதற்குள் அதைப் பெருக்கித் துடைக்க ஒரு சகோதரி வருவார். பாத்திரங்களைக் கழுவிவைத்து, குப்பையைக் கட்டிவைத்து, கையில் ஏதாவது கொடுத்து, நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் நம் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை இருக்கிறது. மீன்கள் பெருகுவதற்காகக் கடலுக்குத் தரப்படும் ஓய்வு அது. அரசு நிவாரணம் தந்தாலும், அந்த ஓய்வின் பாரத்தைச் சுமப்பவை மீனவக் குடும்பங்களே. அந்நாள்களில் சிறு படகில் போய் மீன் கொண்டுவருபவரிடம் பத்து ரூபாய்க்காக மல்லுக்கு நிற்காதீர்கள். ‘இங்கே இறங்காதீங்க, இழுத்துடும்’ என்று அவர் எச்சரித்தால் கேளுங்கள்; அந்தக் கடலை அவர் அறிவார். தொழிலாளருக்கு ஞாயிறு ஓய்வு வேண்டும் என்று திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் வலியுறுத்தினார். நம் விடுமுறை இன்னொருவரின் முதுகில் ஏறிப் போகக் கூடாது.

ஞாயிறு திருப்பலியையும் மறந்துவிடாதீர்கள். கோவளத்தில் கார்மேல் அன்னை ஆலயம் கடலுக்கு அருகிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கட்டியவர் சென்னையின் பெருவணிகர் ஜான் டிமான்டி. ஆழ்வார்ப்பேட்டை டிமான்டி காலனி அவர் பெயரைத் தாங்கியதுதான். வீடும் தோட்டமும் ஏராளமாக வைத்திருந்த அவர், அவற்றைத் திருச்சபையின் அறப்பணிக்கு எழுதிவைத்துவிட்டு, அந்தக் கோவிலிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நாம் இரண்டு நாள் தங்கிய வீட்டின் சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வரவேண்டும். நாம் பிறருக்குக் கொடுத்த ஓய்வு மட்டும் நம்மோடு வரும்.

செபிப்போம். விடியற்காலையில் கரையில் நெருப்பு மூட்டிக் காத்திருந்த ஆண்டவரே, எங்கள் வீடுகளில் ஓய்வின்றி உழைக்கும் தாய்மாரை ஆசீர்வதியும். அவர்களை இளைப்பாறச் செய்யும் கைகளை எங்களுக்குத் தாரும். ஆமென்.