முதுமையில் மீண்டும் மிதிவண்டி
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இயலும் இசையும் முழங்கும் இவ்விழாவில் மிதிவண்டியைப் பற்றிப் பேச வந்திருப்பதைக் கண்டு சிலர் புன்னகை புரியலாம். ஆயினும், மருந்து வாங்கவும், நூலகம் செல்லவும், கோயிலுக்குப் போய் வரவும் மகனையோ மருமகளையோ எதிர்நோக்கி அமர்ந்திருக்கும் முதியோர் நம்மிடையே பலர் உளர். பிறர் கையை எதிர்பாராது வாழ்வது பற்றிய பேச்சாதலின், இதனைச் சிறு பொருள் என்று தள்ளிவிட இயலாது.

நமக்கு மிதிவண்டி புதிதன்று. வாடகைக் கடையில் மணிக்கணக்கில் வண்டி எடுத்து, குரங்குப் பெடலில் பழகி, முழங்காலில் தழும்பு பெற்றுத் தேறியவர்கள் நாம். 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றிய பின்னர், ஹெர்குலிஸ் வண்டி பல நடுத்தரக் குடும்பங்களின் செல்வமாயிற்று. பிறகு ஸ்கூட்டர் வந்தது; கார் வந்தது; மிதிவண்டியோ மாடிப்படியின் கீழே துருவேறிற்று.

விட்ட வித்தை மீளுமோ எனின், மீளும். வண்டி எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே கைப்பிடியைச் சிறிது திருப்பி நிமிர்த்துவதே சமநிலையின் மறைபொருள். இதனை நாம் எண்ணிச் செய்வதில்லை. சிறுமூளை முதலிய பகுதிகளில் பதிந்த பழக்கம் பல்லாண்டு கழிந்தும் அழிவதில்லை. ஆனால் வித்தை இருந்தவாறே இருக்க, உடல் மாறியிருக்கிறது. கழுத்து முன்போல் திரும்புவதில்லை. விழுந்தால் எலும்பு எளிதில் முறியும். இவ்விரண்டையும் ஒருங்கே உணர்ந்தவரே மீண்டும் ஏறத் தக்கவர்.

பிரெஞ்சு நாட்டில் 1911இல் பிறந்த ரொபேர் மார்ஷான் என்பவர், இளமையில் ஓட்டிப் பின் நெடுங்காலம் கைவிட்ட மிதிவண்டியை, அறுபது வயதைக் கடந்த பின்னரே மீண்டும் கையிலெடுத்தார். நூறு வயதைக் கடந்தோர்க்கான ஒரு மணி நேர ஓட்டத்தில், 2012இல் அவர் சென்ற தொலைவு ஏறத்தாழ 24 கிலோமீட்டர். ஈராண்டு முறையான பயிற்சிக்குப் பின், 2014இல் அது ஏறத்தாழ 27 கிலோமீட்டர் ஆயிற்று! நூற்றிரண்டாம் வயதிலும் உடல் பயிற்சிக்கு இணங்குகிறது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? அவர் 2021இல், தம் 109ஆம் வயதில் மறைந்தார்.

எனவே, நம்மைத் தடுப்பது மூப்பு மட்டுமன்று, நாணமும் தடுக்கிறது. “இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை?” என்று தெருவார் கேட்பரே என்னும் நாணம்! அன்பு மகனை இழந்த துயரில் இருந்த அறிஞர் டால்ஸ்டாய், 1895இல், அறுபத்தேழை எட்டும் வயதில், புதிதாகவே மிதிவண்டி பழகினார். அவ்வளவு தொலைவு போவானேன்? புதுக்கோட்டை மாவட்டத்தில், 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின் வாயிலாக ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி பழகினார்கள். அப்போது ஆட்சியராயிருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார். ஊரார் கேலியைக் கடந்து அப்பெண்கள் சந்தைக்கும் வேலைக்கும் தாமே சென்று வந்தனர். பள்ளிப் பருவத்தோடு வண்டியை விட்ட நம் தாய்மார்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனிச் செய்முறை. மருத்துவரிடம் இதயத்தையும் கண்ணையும் காட்டிய பிறகே தொடங்குக. ஒரு காலை மிதியில் ஊன்றி, மறு காலால் தரையை உந்தி, ஓடும் வண்டியில் காலை வீசி ஏறும் பழைய பழக்கத்தை அறவே விடுக. குறுக்குக் கம்பியில்லாத, பெண்களுக்கென்று வரும் வண்டியே ஆடவர்க்கும் ஏற்றது. அதில் இழிவு ஏதுமில்லை. முதலில், இரு பாதங்களும் தரையைத் தொடும் அளவுக்கு இருக்கையைத் தாழ்த்திக்கொள்க. தடைகளையும் காற்றையும் பார்த்து, தலைக்கவசம் அணிந்து, ஆளில்லா மைதானத்தில் சில நாள் பழகிய பின்னரே சாலைக்கு வருக.

நம் திருவனந்தபுரமோ மேடும் பள்ளமுமான நகரம். கிழக்கேகோட்டையிலிருந்து ஸ்டாச்சூ நோக்கி ஏறும் சாலையில் இறங்கித் தள்ளுவது தோல்வியன்று, அறிவுடைமை. அகன்ற கவடியார் சாலையின் வைகறையும், சங்குமுகக் கடற்கரையின் சமநிலமும் தொடக்கத்திற்கு ஏற்றவை. இடவப்பாதியிலும் துலாவர்ஷத்திலும் சாலை வழுக்கும்; அந்நாட்களில் வண்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

ஒன்று கூறாதுவிடின் உரை நிறைவுறாது. மிதிவண்டி நம் எடையைத் தான் தாங்குவதால் முழங்காலுக்கு இதம். ஆனால் அதே காரணத்தால் எலும்புக்கு அது தரும் வலிமை குறைவு. ஆதலின் நடையையும் விடலாகாது. முதியோர்க்கு வாரத்தில் 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பும், அதனோடு மூன்று நாளேனும் வலிமைக்கும் சமநிலைக்குமான பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தா வண்டியை எடுத்தால் நகையாதீர். பின்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு நாலடி உடன் வாருங்கள். ஒரு காலத்தில் உங்கள் தந்தையர்க்கு அவர் செய்த உதவிதான் அது.