தபால் மூட்டையும் ஒரு நண்பரும்


1932 அக்டோபர் 15. ஆசைக்காகப் பறக்கக் கற்ற ஜே.ஆர்.டி. டாடா, கராச்சியிலிருந்து ஒற்றை இன்ஜின் புஸ் மோத் விமானத்தில் தபால் மூட்டையோடு வந்து பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அந்தத் தபாலைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் அவருடைய நண்பர் நெவில் வின்சென்ட். தபால் விமானம் விடலாம் என்ற யோசனையே வின்சென்டுடையதுதான். நாம்தான் அவரை மறந்துவிட்டோம்!

1942இல், போர்க்காலத்தில், இங்கிலாந்திலிருந்து ராணுவ விமானத்தில் இந்தியாவுக்குக் கிளம்பிய வின்சென்ட் வந்து சேரவில்லை.

1982இல், 78 வயதில், டாடா மறுபடியும் கராச்சியிலிருந்து தனியாகப் பறந்துவந்து ஜுஹுவில் இறங்கினார். மூட்டையை வாங்கிக்கொள்ள வின்சென்ட் இல்லை.