அடைப்பு நம்முடையது!

(தலைப்பு: வீட்டுக் கழிவுநீர்க் குழாய் அடைப்பு தீர வழி, ஆளை அழைப்பதா? வீட்டார் அக்கறையா? ‘வீட்டார் அக்கறையே’ என்ற அணியில் பேசியது.)



எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “காசைக் கொடுத்தா ஆள் வருவான், குத்துவான், போவான். வீட்டுக்காரனுக்கு இதுல என்னய்யா வேலை?”ன்னு கேட்டார். அவர் வீட்டுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆள் வர்றாராம். அதைப் பெருமையா வேற சொல்றார்! ஐயா, வீட்டுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர் வந்தா, வைத்தியம் நல்லா நடக்குதுன்னு அர்த்தம் இல்லீங்க. வியாதி போகவே இல்லைன்னு அர்த்தம்! (கைதட்டல்)

இந்த அடைப்பு வானத்திலிருந்தா வருது? வடை சுட்ட எண்ணெய் மிச்சம் இருக்கும். சூடா இருக்கும்போது தண்ணி மாதிரி ஓடும். தொட்டியில ஊத்திட்டோம், கண்ணுக்குத் தெரியல, போயிடுச்சுன்னு நினைக்கிறோம். போகலீங்க! குழாய்க்குள்ள ஆறிப்போய்ச் சுவரோட ஒட்டிக்குது. அது மேல ஒரு கை சோறு, அது மேல டீத்தூள், அது மேல சாம்பார்ல கிடந்த கறிவேப்பிலை. உள்ள ஒரு விருந்தே நடக்குது! (சிரிப்பு) குளியலறையில தலைமுடி. அதோட சோப்பும் உப்புத்தண்ணியும் சேர்ந்தா பிசின் மாதிரி ஒரு கசடு. முடி வலை பின்னும், கசடு பூசி மெழுகும்.

இது நம்ம ஊர் சங்கதி மட்டும் இல்லை. இலண்டன் மாநகரம், ஒயிட்சேப்பல் பகுதி, 2017-ஆம் ஆண்டு. பூமிக்கடியில் சாக்கடைக்குள்ள ஒரு அடைப்பைக் கண்டுபிடிச்சாங்க. நீளம் சுமார் 250 மீட்டர், எடை சுமார் 130 டன்! சமையல் கொழுப்பும், துடைச்சுப் போட்ட ஈரத்தாளும் சேர்ந்து பாறையா இறுகிக் கிடந்தது. அதுல ஒரு துண்டை அருங்காட்சியகத்துல வச்சாங்க. அவங்க அருங்காட்சியகத்துல வச்சதை, நாம அடுப்பங்கரையில வச்சிருக்கோம்! (பலத்த சிரிப்பு)

அடுத்து வந்த எதிரணி அம்மா, “ஒரு பாட்டில் ஆசிட் ஊத்தினாப் போச்சு”ன்னாங்க. என்னம்மா போச்சு? கழிவறை கழுவுற ஆசிட் கறையை எடுக்கும், எண்ணெய்க்கட்டியைக் கரைக்காது. அது போகலைன்னு பக்கத்திலேயே பிளீச்சிங் பவுடரையும் கொட்டினா, குளோரின் வாயு கிளம்பும். மூடின குளியலறையில மூச்சுத் திணறிடும். காஸ்டிக் சோடா போட்ட இடத்துல ஆசிட் ஊத்தினா, கொதிச்சு முகத்துல தெறிக்கும். அதோட விட்டுதா? மறுநாள் அடைப்பு எடுக்க ஒருத்தர் வர்றார். குழாய்க்குள்ள ஆசிட் நிக்குதுன்னு நீங்க சொன்னீங்களா? கையை விடப் போறது அவர்தானே!

சரி, விமர்சனம் போதும், வழி என்னன்னு நடுவர் பார்வையாலேயே கேட்கிறார். சொல்றேன். முதல்ல பாருங்க: ஒரு தொட்டியில மட்டும் தண்ணி நிக்குதா, வீடு முழுக்க நிக்குதா? ஒரு இடம்னா அடைப்பு பெரும்பாலும் பக்கத்துலதான். கைப்பிடி வச்ச ரப்பர் கிண்ணம், ப்ளஞ்சர்னு கடையில கிடைக்கும். அது மூழ்குற அளவு தண்ணி இருக்கணும். மேல வழிஞ்சு போற துளை இருந்தா ஈரத்துணியால அடைங்க. பத்துப் பதினஞ்சு தடவை அழுத்தி இழுங்க. மசியலையா? தொட்டிக்குக் கீழே வளைஞ்ச குழாய் இருக்கே, அதுக்கு அடியில ஒரு வாளியை வச்சுக் கழற்றிக் கழுவுங்க. நாத்தம் வீட்டுக்குள்ள வராம தண்ணி தேக்கி நிறுத்துற காவல்காரன் அது. அதனால திருப்பி மாட்ட மறந்துடாதீங்க! குளியலறைச் சல்லடையைத் தூக்கி, வாரம் ஒருமுறை முடியை எடுங்க. எண்ணெய்ச் சட்டியைப் பழைய பேப்பரால துடைச்சுட்டுக் கழுவுங்க. தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்காதீங்க.

வீடு முழுக்க எதிர்த்து வருதா? அப்போ கோளாறு வெளியில, தொட்டியில. அதுக்கு ஆளைக் கூப்பிடத்தான் வேணும். எதிரணி கைதட்ட வேண்டாம், நான் முடிக்கலை! இயந்திரத்தோட வர்ற ஆளைக் கூப்பிடுங்க. உள்ளே யாரையும் இறங்கச் சொல்லாதீங்க. அங்கே இருக்கிறது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அதிகமானா மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது. நாத்தம் இல்லையேன்னு இறங்கினவர் ஏறி வர்றதில்லை. தூக்கப் போனவரும் வர்றதில்லை. (அரங்கில் அமைதி)

2013-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பாதுகாப்பு இல்லாம ஒரு மனுஷனைக் கழிவுநீர்த் தொட்டியில இறக்கினா, முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். சாக்கடையில இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கணும்னு 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை ஏறினது சந்தோஷச் செய்தியா? இன்னும் சாவு நிக்கலைங்கிறதுக்குச் சாட்சி ஐயா அது!

எதிரணித் தலைவரே, “ஆள் வருவான்”னு சொன்னீங்க. வருவான் இல்லை, வருவார். அவருக்கும் வீட்டுல காத்திருக்கிற பிள்ளைங்க உண்டு. நம்ம வீட்டு எண்ணெய், நம்ம வீட்டு முடி, நம்ம வீட்டு அலட்சியம். இதைச் சுமக்க அவர் தலையில என்ன எழுதியா இருக்கு? (நீண்ட கைதட்டல்)

மணி அடிச்சுட்டீங்க. ஒரே வார்த்தை. காசு கொடுத்தா அடைப்பு அன்னைக்குப் போகும். அக்கறை இருந்தா அடைப்பே வராது. ஒரு உயிரும் போகாது. ஆகவே, வீட்டார் அக்கறையே தீர்வு என்று நல்லதொரு தீர்ப்பு வழங்கும்படி நடுவர் ஐயாவைக் கேட்டு அமர்கிறேன்.