பேர் போடாத நடை



கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைவழி 300 கிலோ மீற்றருக்கும் அதிகமானது. 22 கட்டங்கள் கொண்டது. நெடுநடை பழகாத நான் முதல் இரண்டுக்கே திட்டமிட்டிருக்கிறேன். கலஹாவைத் தாண்டினால், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம்.

மாதத்தைத் தெரிவதுதான் பெரிய வேலை. வைகாசிக்குப் பின் தென்மேல் பருவமழை ஹட்டன் பக்கத்தை நனைக்கையில் ஊவாச் சரிவு காய்ந்து கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு ஊவாவின் முறை. ஆகவே மாசியைக் குறித்துக்கொண்டேன். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும், மழையங்கி, மாற்றுச் சப்பாத்து, இரண்டு போத்தல் தண்ணீர் என்று பை கனத்துக்கொண்டே போயிற்று.

அம்மா தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். சேதி கேட்டதும், "பேரு போடாம எதுக்குடா மலையேறணும்?" என்றார். பேர் போடுவதென்றால் அன்றைய நாளைச் சம்பளக் கணக்கில் பதிவது.

அந்தக் கேள்வியை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. இந்த நடைவழியின் பெரும்பகுதி, கொழுந்தையும் தேயிலையையும் இறக்குவதற்காக நம்மவர்கள் வெட்டிய பாதைகள்தாம். அங்கே காட்சி பார்க்க எவரும் நின்றதில்லை. நின்றால் கங்காணியின் குரல் வரும். பார்ப்பதற்காக மட்டும் அந்த வழியே நடக்கப்போகிறவன், எங்கள் வீட்டில் நான்தான் முதல் ஆள்.

எவ்வளவு நேரமாகும் என்று அம்மாவிடமே கேட்டேன். கிலோ மீற்றர் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. "ஏத்தமா, எறக்கமா, அதச் சொல்லு" என்றார். வரைபடத்தைவிட அது நல்ல கேள்வி. பிறகு என் பையைத் தூக்கிப் பார்த்துப் பாதியை வெளியே எடுத்துவைத்தார். உப்பை மட்டும் இன்னொரு பொட்டலம் கட்டித் தந்தார்.