தூய மின்சாரம்: யாருக்குத் தூயது?

(நவி மும்பை நெருளில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கட்சி ஆவணங்களைத் தமிழாக்கும் பணியில் அண்மைக்காலமாக அடிக்கடி எதிர்ப்படும் சொல் 'கிளீன் எனர்ஜி'. 'தூய ஆற்றல்' என்று எழுதிவிட்டுக் கடந்து செல்லலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி எழுகிறது: யாருக்குத் தூயது?

இக்கேள்வி நமக்குத் தொலைவானதன்று. இங்கிருந்து கடற்கழியைக் கடந்தால் டிராம்பே. 1956இல் நாட்டின் முதல் அணு உலையான அப்சரா இயங்கத் தொடங்கிய இடம். மும்பைத் தமிழரில் பலருக்குச் சொந்த ஊர் நெல்லைச் சீமை, அங்கே கூடங்குளம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐ.நா.வின் பருவநிலை மாற்ற அறிவியல் குழு 2014இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஒரு யூனிட் மின்சாரத்திற்கு நிலக்கரி வெளியிடும் கரியமில வாயு சுமார் 820 கிராம். அணு உலைக்கு 12, காற்றாலைக்கு ஏறத்தாழ அதே அளவு, பெரிய சூரியமின் நிலையத்திற்கு 48. ஆகவே நிலக்கரிக்கு மாற்றாக இவை அனைத்துமே தகுதியுடையவை. கரியமில வாயுவை மட்டும் வைத்து அணுவா, சூரியனா, காற்றா என்று தீர்மானிக்க இயலாது.

அணுமின் நிலையத்திற்கு நிலம் குறைவாகப் போதும். இரவிலும் மின்சாரம் தரும். ஆனால் குளிர்விக்க எடுத்த கடல்நீரைச் சூடேறிய நிலையில் கடலிலேயே விடுகிறது. எரிந்த எரிபொருளில் உள்ள புளூட்டோனியம் 239 பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் ஆகும். கூடங்குளத்தில் உலைக்கு வெளியே தனிச் சேமிப்பு வசதி அமைக்க 2013இல் உச்ச நீதிமன்றம் விதித்த ஐந்தாண்டு அவகாசத்தை 2018இல் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் குறையற்றதன்று. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் அதானி குழுமத்தின் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் விரிந்துள்ளது. இத்தகைய நிலையங்கள் ஆண்டுச் சராசரியில் நிறுவுதிறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே தருகின்றன. இராஜஸ்தானிலும் குஜராத்திலும் மின்கம்பிகளில் மோதி அழியும் கானமயிலைக் காக்க 2021இல் உச்ச நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. முப்பந்தல் காற்றாலைகள் ஆடிக்காற்றில் முழுவீச்சில் சுழலும்; பிற மாதங்களில் அவ்வாறு இல்லை. மின்சாரத்தைச் சேமிக்கும் வசதியும் வலுவான மின்தொடரமைப்பும் இல்லாமல் அவற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது.

அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? அல்ல. மேய்ச்சல் நிலத்தில் நட்ட தகடுகளைப் பெயர்த்தெடுக்கலாம். கதிரியக்கம் படிந்த மண்ணை அப்படி மீட்க இயலாது. 2011இல் நேர்ந்த ஃபுகுஷிமா விபத்தின் பாடம் இதுவே.

இதனினும் முதன்மையானது, முடிவெடுப்பவர் யார் என்பது. ஜைதாபூரில் 9,900 மெகாவாட் திட்டத்தை எதிர்த்த மக்கள் மீது 2011 ஏப்ரலில் துப்பாக்கிச் சூடு நடந்தது, ஒருவர் உயிரிழந்தார். கூடங்குளம் போராட்டத்தின்போது 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் மீனவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொங்கணக் கடற்கரையானாலும் நெல்லைக் கடற்கரையானாலும் விலை கொடுத்தவர் உழைக்கும் மக்களே.

போபால் கற்பித்த பாடத்தால் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் 17(ஆ) பிரிவு இடம்பெற்றது. குறையுள்ள கருவியை வழங்கிய நிறுவனத்திடம் இழப்பீட்டை மீட்க அது வழிசெய்தது. 2025 டிசம்பரில் நிறைவேறிய 'சாந்தி' சட்டம் அப்பிரிவைக் கைவிட்டது. அணுமின் உற்பத்தியில் தனியாருக்கும் இடமளித்தது. இலாபம் முதலாளிக்கு, ஆபத்து மக்களுக்கு என்பதே இதன் பொருள்.

சூரியமின் திட்டத்திலும் வர்க்கம் உண்டு. வீட்டுக் கூரைத் தகடுகளுக்கு ஒன்றிய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. தாராவியில் வாடகை அறையில் வாழும் தொழிலாளிக்குச் சொந்தக் கூரை ஏது?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். அணு விபத்துக்கான முழுப் பொறுப்பும் உலை வழங்குவோரையும் சேர வேண்டும். அணுமின் துறை பொதுத்துறையிலேயே நீடிக்க வேண்டும். காற்று, சூரிய மின்சாரமும் சேமிப்பு வசதியும் பொதுத்துறையில் வளர வேண்டும். எத்திட்டமாயினும் கிராம சபையின், மீனவரின் ஒப்புதல் இன்றித் தொடங்கலாகாது.

இவை நிறைவேறும் நாளில் 'தூய ஆற்றல்' என்ற சொல்லை நான் தயக்கமின்றி எழுதுவேன்.